ஸ்டேட்டஸ் இல்லாத கணவனை, மனைவியைக் கனடாவுக்குள் இருந்தே ஸ்பொன்சர் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ (பி.ஆர்) உள்ள ஒருவர், இங்கேயே ஸ்டேட்டஸ் இல்லாமல் இருக்கும் தன் துணையை ஸ்பொன்சர் செய்வதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். ஊரில் இருக்கும் துணையைக் கூப்பிடுவது வேறு கதை. ஸ்காபரோவில் குடிவரவுச் சட்டத்தரணிகளிடம் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். சட்டத்தரணி அல்ல. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளையும், அவற்றுக்குச் சட்டத்தில் உள்ள பதிலையும் எழுதியிருக்கிறேன். உங்கள் ஃபைலைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு சட்டத்தரணி கட்டாயம் வேண்டும்.

விசா முடிஞ்சு எத்தனையோ வருசம். இப்ப கல்யாணம் கட்டினால் ஸ்பொன்சர் செய்ய ஏலுமா?

ஏலும். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 124ஆம் பிரிவை மட்டும் வாசித்தால் முடியாது போலத்தான் தெரியும். ‘கனடாவுக்குள் இருக்கும் துணை’ என்ற பிரிவில் விண்ணப்பிப்பவருக்குச் செல்லுபடியாகும் தற்காலிக அந்தஸ்து இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் 2005 பெப்ரவரி 18 அன்று வந்த ஒரு பொதுக்கொள்கை, அந்த ஒரு நிபந்தனையை மட்டும் தளர்த்திவிட்டது. மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன: திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும், இருவரும் கனடாவில் சேர்ந்து வாழ வேண்டும், ஸ்பொன்சர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

இந்தக் கொள்கைக்கென்று தனிப் படிவம் இல்லை. வழக்கமான ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் உங்கள் நிலைமையை உள்ளபடி எழுதினால் போதும், அதிகாரி இந்தக் கொள்கையின் கீழ் பார்ப்பார். ஸ்டேட்டஸ் போய் 90 நாள் இன்னும் ஆகவில்லை என்றால், இழந்த ஸ்டேட்டஸை மீட்க விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. வேர்க் பெர்மிட் விசயத்தில் அது பின்னால் உதவும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

‘ஸ்டேட்டஸ் இல்லை’ என்று எதை எல்லாம் கணக்கில் எடுப்பார்கள்?

விசிட்டர், படிப்பு அல்லது வேலை அனுமதி முடிந்த பிறகும் தங்கியது. அனுமதி இல்லாமல் வேலை செய்தது, படித்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நாட்டுக்குள் வந்தது. இவை எல்லாம் மன்னிக்கப்படும். ஆனால் பி.ஆர் கையில் தரும் நேரத்துக்குள் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஒன்று எடுத்திருக்க வேண்டும்.

மன்னிக்கப்படாதவையும் உண்டு. ஏற்கனவே நாடுகடத்தப்பட்டு, திரும்பி வர அனுமதி பெறாமல் உள்ளே வந்தவருக்கு இந்தக் கொள்கை உதவாது. குற்றப் பதிவு, பாதுகாப்புக் காரணம், பொய்த் தகவல் கொடுத்தது ஆகியவையும் ஸ்டேட்டஸ் இல்லாமை என்ற கணக்குக்குள் வராது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கைச் சின்ன விசயமாக நினைப்பவர்கள் எங்கள் ஆட்களிடையே நிறையப் பேர். 2018 டிசம்பர் 18க்குப் பிறகு அதற்கான உச்சத் தண்டனை 10 வருடமாக உயர்ந்தது. அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றம் என்ற வகைக்குள் போய்விட்டது. அப்படி ஒரு சார்ஜ் இருந்தால் குற்றவியல் சட்டத்தரணியும் குடிவரவுச் சட்டத்தரணியும் ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே கதைக்க வேண்டும்.

அவர் ஏஜென்ட் குடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில வந்தவர். அது பிழைக்குமா?

அதை என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியதும் அதைக் கொடுத்துவிட்டு அகதிக் கோரிக்கை வைத்தவருக்கும், அல்லது அங்கேயே அது பறிமுதல் செய்யப்பட்டவருக்கும், இந்தக் கொள்கையின் கதவு திறந்தே இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் வைத்திருந்து, அதே பெயரில் விசிட்டர் அந்தஸ்தோ வேர்க் பெர்மிட்டோ எடுத்திருந்தால் அது பொய்த் தகவல் கொடுத்ததாக ஆகிவிடும். அதற்குத் தண்டனை, கனடாவுக்கு வர ஐந்து வருடத் தடை.

எந்தப் பெயரில் வந்தேன் என்பதை மறைக்க வேண்டாம். கைரேகை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டிவிடும்.

விண்ணப்பம் போட்டால் விலாசம் தெரிஞ்சுடும். வந்து பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்களோ?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை. பெரும்பாலும் மனைவிதான் கேட்பார். கணவர் பக்கத்துக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்.

விண்ணப்பத்தைப் பார்ப்பது குடிவரவுத் திணைக்களம், அதாவது ஐ.ஆர்.சி.சி. நாடுகடத்துவது எல்லைச் சேவைகள் முகவரகம், அதாவது சி.பி.எஸ்.ஏ. இரண்டும் வேறு வேறு என்றாலும் தகவல் இரண்டுக்கும் இடையே போய்வரும். ஆகவே விலாசம் தெரியும் என்பது உண்மை. ஆனால் ஸ்டேட்டஸ் இல்லாமல் விண்ணப்பித்தார் என்ற காரணத்துக்காக மட்டும் ஆளைப் பிடிக்கும் நோக்கத்தில் அந்தக் கொள்கை எழுதப்படவில்லை. இப்படியான குடும்பங்கள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் ஒரு சிறிய பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள். நேரத்தோடு விண்ணப்பித்தவரை நாடுகடத்துவதை சி.பி.எஸ்.ஏ 60 நாளுக்குத் தள்ளிவைக்கும். பி.ஆர்.ஆர்.ஏ எனப்படும், ஊருக்குத் திருப்பி அனுப்பினால் ஆபத்து உண்டா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் அது முடியும்வரை காத்திருப்பார்கள்.

இங்கே ‘நேரத்தோடு’ என்பதைக் கவனியுங்கள். நாடுகடத்தத் தயார் என்று சி.பி.எஸ்.ஏ முடிவு செய்து, அதற்கான நேர்காணலுக்குக் கூப்பிட்ட பிறகு விண்ணப்பித்தால் அந்தத் தள்ளிவைப்பு கிடைக்காது. ஸ்பொன்சர் விண்ணப்பம் உள்ளே இருக்கும், ஆள் விமானத்தில் இருப்பார். ஆள் கனடாவில் சேர்ந்து வாழாவிட்டால் இந்தப் பிரிவு விண்ணப்பமும் விழுந்துவிடும். நான் பார்த்த அழுகையில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான். இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒன்றாக இருப்பார்கள், ரெஜிஸ்டரும் செய்திருப்பார்கள், ‘கொஞ்சம் காசு சேரட்டும்’ என்று விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப் போட்டிருப்பார்கள். பிறகு சி.பி.எஸ்.ஏ கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

கடிதம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பயணத்தை ஒத்திவைக்கும்படி அதிகாரியிடம் கேட்கலாம். அவர் மறுத்தால் பெடரல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். ஆனால் அது செலவுள்ள, அவசரமான, நிச்சயம் இல்லாத வழி.

பாரதூரமான குற்றம் அல்லது பாதுகாப்புக் காரணம் உள்ளவர்கள், பிடியாணை நிலுவையில் உள்ளவர்கள், முன்பு நாடுகடத்தலுக்கு ஒத்துழைக்காமல் ஒளிந்தவர்கள் ஆகியோருக்கு அந்த 60 நாளும் கிடையாது. உங்கள் பெயரில் குடிவரவுப் பிடியாணை இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் படிவத்தைத் தொடுவதற்கு முதல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

அகதிக் கேஸ் இன்னும் நடக்குது. கல்யாணம் கட்டினபடியால் அதை வாபஸ் வாங்கவா?

அவசரப்பட வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அகதிக் கோரிக்கை வைக்கும்போதே உங்களுக்கு நிபந்தனையுடன் ஒரு டிப்பாச்சர் ஓடர், அதாவது நாட்டைவிட்டுப் போகச் சொல்லும் கட்டளை, போட்டிருப்பார்கள். கேஸ் நடக்கும்வரை அது தூங்கும். வாபஸ் வாங்கினால் அது விழித்துக்கொள்ளும், பின்னால் வேறு வழிகளும் கொஞ்ச காலத்துக்கு அடைபடும். ‘ஸ்பொன்சர் இருக்குத்தானே’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிப்போட்டேஷன் ஓடர் இருக்கிற ஆளுக்கு என்ன நடக்கும்?

வெளியேற்றும் கட்டளை மூன்று வகை. டிப்பாச்சர் ஓடர் நடைமுறைக்கு வந்து 30 நாளுக்குள் முறைப்படி நாட்டைவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அது தானாகவே டிப்போட்டேஷன் ஓடராக மாறிவிடும். எக்ஸ்குளூஷன் ஓடருக்குத் திரும்பி வர வழக்கமாக ஒரு வருடத் தடை, பொய்த் தகவல் காரணம் என்றால் ஐந்து வருடம். டிப்போட்டேஷன் ஓடரில் வெளியே போனவர் எப்போது திரும்புவதென்றாலும் எழுத்து மூல அனுமதி எடுக்க வேண்டும்.

ஆனால் கட்டளை போடப்பட்டும் ஆள் இன்னும் கனடாவை விட்டுப் போகவில்லை என்றால் நிலைமை வேறு. அவருக்கு பி.ஆர் கிடைக்கும் நாளில், நிறைவேற்றப்படாத அந்தக் கட்டளை செல்லாததாகிவிடும். குடிவரவுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இது. அதனால் ஓடர் ஒன்று ஃபைலில் இருப்பது மட்டும் விண்ணப்பத்தைத் தடுக்காது. மேலே சொன்ன நேரக் கணக்குத்தான் தடுக்கும்.

ஊருக்குப் போய் அங்கேயிருந்து கூப்பிட்டால் கெதியா வருமாமே?

சிலருக்கு அது சரியான வழி. நல்ல விசிட்டர் விசாவில் வந்து, ஓடர் எதுவும் இல்லாமல் இருப்பவர் யோசித்துப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்காகச் செய்யும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள் செய்யும் விண்ணப்பத்துக்கு அந்த மேன்முறையீடு இல்லை. இது பெரிய வித்தியாசம், பலருக்குத் தெரியாது.

ஓடர் உள்ளவர் போனால், பிறகு ஸ்பொன்சரோடு சேர்த்துத் திரும்பி வரும் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் இல்லாமல் கனடாவுக்குள் விண்ணப்பித்துவிட்டு, ‘அம்மாவுக்குச் சுகமில்லை, ஒருக்காப் பார்த்திட்டு வாறன்’ என்று போனவர் திரும்பி உள்ளே விடப்படுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விண்ணப்பமும் போய்விடும்.

கோயில்ல தாலி கட்டியாச்சு. ரெஜிஸ்டர் பண்ணேல்லை. காணுமா?

ஒன்ராறியோவில் சட்டப்படி திருமணம் என்றால் நகரசபையில் திருமண அனுமதிப்பத்திரம் எடுத்து, பதிவு பெற்ற ஒருவர் நடத்தி வைக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் 90 நாளுக்குச் செல்லும். பூசை செய்த ஐயர் பதிவு பெற்றவரா, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று பாருங்கள். இல்லை என்றால் கூறை, தாலி, ஆயிரம் பேர் சாப்பாடு எல்லாம் இருந்தும் சட்டத்தின் பார்வையில் அது திருமணம் இல்லை. அனுமதிப்பத்திரம் எடுக்க அடையாள ஆவணம் கேட்பார்கள், விசா கேட்க மாட்டார்கள்.

ரெஜிஸ்டர் இல்லாமலே தொடர்ந்து ஒரு வருடமாவது ஒரே வீட்டில் துணைவர்களாக வாழ்ந்திருந்தால் ‘கொமன் லோ’ துணை என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருடத்தை ஆவணங்களால் காட்ட வேண்டும்.

முதல் திருமணம் இலங்கையிலோ இந்தியாவிலோ முறியாமல் கிடந்தால் இங்கே இரண்டாவது திருமணம் செல்லாது. வெளிநாட்டில் விவாகரத்து எடுத்தவர் ஒன்ராறியோவில் மறுமணம் செய்யவும் தனி அங்கீகாரம் எடுக்க வேண்டும், அதற்கு ஒன்ராறியோச் சட்டத்தரணி ஒருவரின் கருத்துக் கடிதம் வேண்டும். போரில் காணாமல் போன முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ் எடுக்காமல் இருக்கும் பெண்களுக்கு இந்த இடத்தில் வேலை மெத்த. கல்யாண மண்டபம் புக் பண்ண முதல் இதை முடியுங்கள்.

ஒருவர் இங்கேயும் மற்றவர் தொலைபேசியில் அல்லது ஆள் வைத்து ஊரிலும் என்று நடந்த திருமணங்களை 2015 ஜூன் 11 முதல் ஐ.ஆர்.சி.சி ஏற்பதில்லை.

உண்மையான கல்யாணம் என்று எதைக் காட்டுறது? அல்பம் காணாதா?

அல்பம் வேண்டும். ஆனால் மேடையில் எடுத்த அறுபது படத்தைவிட, வேறு வேறு நாட்களில் சாதாரணமாக எடுத்த பத்துப் படம் பலமானது. அதிகாரி பார்ப்பது ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவை. குடிவரவு நன்மைக்காகவே பிரதானமாகச் செய்த திருமணம் என்றாலும் மறுக்கலாம், உண்மையான உறவு இல்லை என்றாலும் மறுக்கலாம். 2010 செப்டெம்பர் 30க்குப் பிறகு இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் மறுப்பதற்கு. அதாவது ‘இப்ப நாங்கள் சந்தோசமாத்தானே இருக்கிறம்’ என்பது மட்டும் பதிலாகாது. கட்டிய நேரத்தில் என்ன நினைத்துக் கட்டினீர்கள் என்பதையும் கேட்பார்கள்.

ஸ்டேட்டஸ் இல்லாதவருக்கு இங்கே ஒரு சிக்கல். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, போன் பில் மனைவி பெயரில், வேலை கையில் காசு. பேப்பரில் அந்த மனிதரே இல்லை. அதனால் வேறு வழிகளில் காட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட கடிதம். குடும்ப வைத்தியரின் பதிவில் உள்ள விலாசம். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அவசரத் தொடர்புக்கு எழுதிக் கொடுத்த பெயர். இருவருக்கும் பெயர் போட்டு வந்த கல்யாண அழைப்பிதழ்கள், தபால் உறையோடு. ஒருவர் கொண்டுவந்த ஃபைலில் மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் நின்ற கார்ப் பார்க்கிங் துண்டுகள் எல்லாம் கடுதாசியில் ஒட்டி, திகதி எழுதி இருந்தன. சட்டத்தரணி சிரித்தார், ஆனால் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அனுப்பினார்.

உறவைப் பற்றிய கேள்விகள் ஐ.எம்.எம் 5532 என்ற படிவத்தில் இருக்கின்றன: எங்கே சந்தித்தீர்கள், யார் பேசினார்கள், எப்போது முடிவெடுத்தீர்கள், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள். பேச்சுத் திருமணம் என்றால் அப்படியே எழுதுங்கள். சாதகம் பார்த்தது, மாமா பேசி வைத்தது, முதல் தடவை ஒரு சாப்பாட்டுக் கடையில் இருவீட்டாரும் சந்தித்தது எல்லாம் எங்கள் வழக்கம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. காதல் கதையாக்கி எழுதித் தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். நேர்காணலில் இருவரையும் தனித்தனியாக இருத்திக் கேட்கும்போது அந்தக் கதை நிற்காது. பெற்றோர் கல்யாணத்துக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். சாதி, சமயம் காரணம் என்றால் அதையும் எழுதலாம்.

வருமான வரியில நான் இன்னும் ‘சிங்கிள்’ என்றுதான் போட்டிருக்கிறன். பிரச்சினையா?

பிரச்சினைதான். ஸ்பொன்சரின் வரி மதிப்பீட்டுப் பத்திரத்தை விண்ணப்பத்தோடு கேட்பார்கள். திருமணம் நடந்த திகதிக்குப் பிறகும் அதில் ‘சிங்கிள்’ என்று இருந்தால், ஒரு அரசாங்கத் திணைக்களத்துக்கு ஒரு கதையும் மற்றதுக்கு வேறு கதையும் சொன்னதாக ஆகும். பிள்ளைகளுக்கு வரும் உதவிப் பணம் கூடக் கிடைக்கும் என்பதற்காகப் பலர் இதைச் செய்கிறார்கள். திருமணம் நடந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதே விதி. பிந்திவிட்டால் கணக்காளரிடம் போய்த் திருத்துங்கள், கூட வந்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.

கையில காசுக்கு வேலை செய்ததை எழுதலாமோ?

எழுத வேண்டும். ஐ.எம்.எம் 5669 என்ற படிவம் பத்து வருடக் கதையை மாத இடைவெளி இல்லாமல் கேட்கும். அனுமதி இல்லாத வேலை இந்தக் கொள்கையில் மன்னிக்கப்படும் விசயம் என்று மேலே பார்த்தோம். மன்னிக்கப்படுவதை மறைக்கப் போய், மன்னிக்கப்படாத பொய்த் தகவலில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். ரெஸ்டோரன்ட் கிச்சனில் நின்றால் அதையே எழுதுங்கள். வேலை இல்லாமல் இருந்த மாதங்களையும் ‘வேலை இல்லை’ என்று நிரப்புங்கள்.

ஊரில முதல் தாரத்துப் பிள்ளை இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் கெதியா முடியுமா?

சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளையைப் பிறகு ஸ்பொன்சர் செய்யும் உரிமை போய்விடலாம். கூட வராவிட்டாலும், தாயிடம் வளர்ந்தாலும், பேச்சுத் தொடர்பே இல்லாவிட்டாலும் பெயரை எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். மற்றப் பெற்றார் ஒத்துழைக்காவிட்டால் எடுத்த முயற்சிகளின் சாட்சியோடு அதிகாரிக்கு எழுதுங்கள்.

அவர் இயக்கத்தில இருந்தவர். ஸ்பொன்சர் சரிவருமா?

இதை யாரிடமும் பொதுவில் கேட்க வேண்டாம், சமூக ஊடகத்தில் எழுதவும் வேண்டாம். தனி அறையில் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் சேர்த்தது, உலகத் தமிழர் இயக்கத்தை 2008 ஜூனில். பாதுகாப்புக் காரணத்துக்காக ஆட்களை ஒதுக்கும் குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில், இப்படியான அமைப்பின் ‘உறுப்பினர்’ என்பதற்கு நீதிமன்றங்கள் மிக அகலமான பொருள் கொடுத்து வந்திருக்கின்றன. துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்று இல்லை. பட்டியலில் சேர்ப்பதற்கு முந்திய காலம் என்பதும் காப்பாற்றாது. 34ஆம் பிரிவில் தகுதியற்றவர் என்று முடிவானால் ஸ்பொன்சர் கொள்கையும் உதவாது, 2013 ஜூனுக்குப் பிறகு மனிதாபிமான விண்ணப்பமும் உதவாது. அமைச்சரிடம் விலக்குக் கேட்கும் ஒரு வழி மட்டும் இருக்கிறது, அது வருடக்கணக்கில் இழுபடும். கட்டாயத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்டது, சிறுவயதில் நடந்தது போன்றவை வேறுபாடு காட்டக்கூடியவை. அதனால்தான் படிவத்தில் ஒரு சொல் எழுதுவதற்கு முதல் ஆலோசனை தேவை. அகதிக் கோரிக்கையில் முன்பு என்ன எழுதப்பட்டது என்பதும் அவர்களிடம் இருக்கும், இரண்டும் முரண்படக் கூடாது.

ஆட்கடத்தல் விசயம் வேறு. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தார்கள். பயணத்தில் சமையல், கண்காணிப்பு, இயந்திர அறை வேலை செய்த சிலரைக் கடத்தல்காரர் என்று ஒதுக்கப் பார்த்தது அரசு. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், லாப நோக்கமின்றி, கூட்டாகத் தஞ்சம் தேடி வந்தவர்களுக்குள் ஒருவருக்கொருவர் உதவியதைக் கடத்தல் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. கப்பலில் வந்தவர் என்பதாலேயே கதவு மூடியிருக்கும் என்று நினைத்து இன்னும் விண்ணப்பிக்காமல் இருப்பவர் யாரும் இருந்தால், போய்க் கேளுங்கள்.

எனக்குச் சம்பளம் குறைவு. ஸ்பொன்சர் செய்ய விடுவாங்களா?

துணையை ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று பொதுவாக இல்லை. அது பெற்றோரைக் கூப்பிடுவதற்கு. ஆனால் ஒன்ராறியோ வேர்க்ஸ் போன்ற சமூக உதவிப் பணம் எடுத்துக்கொண்டிருந்தால் முடியாது. உடல் இயலாமைக்காக ஓ.டி.எஸ்.பி எடுப்பவர் செய்யலாம். வேலை இழந்து ஈ.ஐ எடுப்பதும் தடையில்லை. நீங்களே துணை மூலம் பி.ஆர் ஆனவர் என்றால், பி.ஆர் கிடைத்து ஐந்து வருடம் ஆகும்வரை வேறு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது. பொறுப்பேற்பது மூன்று வருடத்துக்கு. இடையில் பிரிந்தாலும் அது ஓடும். அந்தக் காலத்தில் துணை சமூக உதவி எடுத்தால் அந்தக் காசைக் கட்ட வேண்டியவர் நீங்கள்.

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாண அரசின் தனிப் படி ஒன்றும் உண்டு. மொன்றியலில் இருந்துகொண்டு ரொறன்ரோ ஆட்களின் அனுபவத்தைக் கேட்டு நடக்க வேண்டாம்.

எனக்கு அகதி அந்தஸ்து கிடைச்சிட்டுது, பி.ஆர் இன்னும் வரேல்லை.

அப்படியென்றால் நீங்கள் இன்னும் ஸ்பொன்சராக முடியாது. ஆனால் உங்கள் சொந்த பி.ஆர் விண்ணப்பத்திலேயே துணையைச் சேர்க்கலாம். ஏற்கனவே அனுப்பியிருந்தால், முடிவு வருவதற்கு முன் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேர்க் பெர்மிட் எப்ப வரும்?

ஸ்டேட்டஸ் உள்ள துணைக்கு விண்ணப்பம் பெற்றுக்கொண்ட கடிதம் வந்ததும் திறந்த வேர்க் பெர்மிட், அதாவது எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் அனுமதி, கேட்க வழி இருக்கிறது. ஸ்டேட்டஸ் இல்லாதவர் முதற்கட்ட ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும். திருமணம் உண்மையானது, ஸ்பொன்சர் தகுதியானவர் என்று அதிகாரி ஏற்றதும் வரும் கடிதம் அது. அதன் பிறகு மருத்துவம், பாதுகாப்புப் பரிசோதனை எல்லாம் முடிந்துதான் பி.ஆர். துணைக்கு நீரிழிவு, சிறுநீரக நோய் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று: மருத்துவச் செலவு கூட என்ற காரணத்தால் துணையை மறுக்க முடியாது.

காசு எவ்வளவு?

2024 ஏப்ரல் 30 அன்று கூட்டியபோது ஸ்பொன்சர் கட்டணம் 85 டொலர், விண்ணப்பக் கட்டணம் 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, மொத்தம் 1,205 ஆக இருந்தது. கைரேகைக்கு அப்போது இன்னொரு 85. இந்தக் கட்டணங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் கூடுகின்றன, கட்டும் நாளில் ஐ.ஆர்.சி.சி தளத்தில் பாருங்கள். மறுக்கப்பட்டால் உரிமைக் கட்டணம் திரும்பி வரும்.

பாஸ்போர்ட் காலாவதி. கொன்சுலேட்டுக்குப் போகலாமோ?

அகதிக் கோரிக்கை, பி.ஆர்.ஆர்.ஏ எதுவும் நிலுவையில் இல்லை என்றால் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். நிலுவையில் இருந்தால் பொறுங்கள். ‘அரசாங்கத்துக்குப் பயம்’ என்று சொன்னவர் அதே அரசாங்கத்திடம் பாஸ்போர்ட் கேட்டால் கேஸில் அது எழும்பும். உங்கள் பழைய பாஸ்போர்ட் சி.பி.எஸ்.ஏ கையில் இருந்தால் அதன் பிரதியைக் கேட்டு எடுக்கலாம்.

மறுத்தால்?

மேன்முறையீடு இல்லை. பெடரல் நீதிமன்றத்தில் மீளாய்வு அனுமதி கேட்க 15 நாள்தான் இருக்கிறது, கடிதம் வந்த அன்றே சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். குறைகளைத் திருத்தி மறுபடியும் விண்ணப்பிக்கத் தடை இல்லை. பல இடங்களில் அதுவே நல்லது.

‘சொன்னதைக் கேளாட்டி ஸ்பொன்சரை வாபஸ் வாங்குவன்’ என்கிறார்.

பி.ஆர் கிடைக்கும்வரை ஸ்பொன்சர் வாபஸ் வாங்கலாம் என்பது உண்மை. அதை வைத்து அடிப்பதும், சம்பளத்தைப் பறிப்பதும், வெளியே போக விடாததும் நடக்கின்றன. அதைத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2019 ஜூலையில் இருந்து கட்டணம் இல்லாத தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று இருக்கிறது. அதோடு வேர்க் பெர்மிட்டும் கேட்கலாம். மனிதாபிமான அடிப்படையில் பி.ஆருக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம். துணையோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் பி.ஆர் பறிபோகும் என்ற பழைய நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி வெருட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது இப்போது பொய்.

யாரிட்டக் குடுத்துச் செய்விக்கிறது?

காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய உரிமை உள்ளவர்கள் சட்டத்தரணிகள், மாகாணச் சட்டச் சங்கத்தில் உரிமம் உள்ள பரலீகல்கள், கியூபெக் நோட்டரிகள், ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆகியோர்தான். பெயரைப் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். உங்கள் பிரதிநிதி என்று ஐ.எம்.எம் 5476 படிவத்தில் தன் பெயரை எழுத மறுப்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் எழும்பி வாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவரும் அப்படித்தான். வசதி இல்லை என்றால் லீகல் எய்ட் ஒன்ராறியோவிடம் தகுதி உண்டா என்று கேளுங்கள்.

விண்ணப்பித்த பிறகு வீடு மாறினால்?

ஐ.ஆர்.சி.சிக்கு அறிவியுங்கள். ஓடர் உள்ளவரோ அகதிக் கேஸ் உள்ளவரோ என்றால் சி.பி.எஸ்.ஏக்கும் தனியாக அறிவிக்க வேண்டும், ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க முடியாது. அறிவித்த திகதியைக் காட்டும் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.